பற்றறி அண்ணையின் சிவப்புப் புள்ளி

ரேடியோவுக்குப் போடும் பற்றறியை நாக்கில் வைத்துப் பார்த்து, அதன் வயதையும் குணத்தையும் இன்னும் எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும் என்பதையும் சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் முரசுமோட்டையில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். ஊருக்கு அவர் பற்றறி அண்ணை.

சண்டை நடந்து, வன்னிக்குள் பற்றறி வரத் தடை இருந்த வருடங்களில் அவர்தான் எங்கள் வைத்தியர். செத்த பற்றறியை வெயிலில் காயவைப்பார், ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் பருக்குவார், அடுத்த நாள் அது பாட்டுப் பாடும். அதுவும் சரிவராவிட்டால் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்போம்.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் பெட்டிக்கடையிலும் பற்றறி தொங்கியது. ஊர் சந்தோசப்பட்டது, அண்ணைக்கு வேலை போனது. கடையில் பற்றறி வாங்குவதை அவர் மானப் பிரச்சினையாகவே எடுத்தார். சும்மா இருக்கும் ஆளும் இல்லை. வவுனியாவிலிருந்து பழுதான டிவிடி பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பிரித்து, உள்ளே இருந்த நெல்மணி அளவுச் சாமானைப் பழைய ரோச் லைற்றுக்குள் பொருத்தி, சார்ஜ் பண்ணும் பற்றறி மூன்றைப் போட்டு ஒரு லேசர் செய்தார்.

அதை முதலில் பரிசோதித்தது என் நெஞ்சில். வரம்பில் நடந்து வந்த நான் சட்டையில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டேன். அடுத்த கணம் சேற்றுக்குள் குப்புறக் கிடந்தேன். சமாதானம் வந்த செய்தியை என் உடம்புக்கு யாரும் அறிவிக்கவில்லை.

“செயலாளர், எழும்பும். இது சுடாது, அளக்கும்” என்றார் அண்ணை.

செயலாளர் என்பது நான். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் அந்தப் பதவிக்கு வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்தது. கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் காணாது. ஆகவே எந்தக் காணிக்குத் தண்ணீர் என்று பட்டியல் எழுதுவது என் வேலை. அந்த வருடம் பத்மாக்காவின் ஒன்றரை ஏக்கரை நான் விட்டுவிட்டேன். புருசன் இல்லாத மனுசி, அந்த வயலைத் தவிர அவவுக்கு வேறு வருமானமும் இல்லை. ஆனால் வாய்க்காலின் கடைசியில் இருந்த அவவின் காணிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. “அது மேட்டுக் காணி அக்கா, தண்ணி என்ன ஏணி வைச்சா ஏறும்?” என்று நான் பெரிய பகிடி வேறு விட்டிருந்தேன்.

“என்ர காணி மேடில்லை” என்றுவிட்டு அவ நேரே பற்றறி அண்ணையிடம் போனா.

பட்டியல் முடிவாவதற்கு முதல் நாள் பின்னேரம், வெயில் தணிந்ததும் வாய்க்கால் தலைப்பில் கூடினோம். முக்காலியின் மேல் மேசனின் ரசமட்டம், அதன் மேல் லேசர். பத்மாக்கா கோடு போட்ட தடியோடு வாய்க்கால் வழியே நடந்தா. புள்ளி தடியில் உயர விழுந்தால் நிலம் பள்ளம், பதிய விழுந்தால் மேடு. முதல் இடம் அளந்தோம். இரண்டாம் இடம் அளந்தோம். மூன்றாம் இடத்தில் புள்ளி கொட்டாவி விட்டு அணைந்தது.

அண்ணை மூன்று பற்றறியையும் கழற்றி, கம்பி வைத்து, நாக்கில் தொட்டார். கண்ணை மூடினார்.

“சுத்தத் தங்கம். பற்றறியில பிழையில்லை.”

சுருள்வில்லைச் சுரண்டினார், கம்பியை மாற்றினார், சுவிச்சை ஊதினார். மீண்டும் பூட்டினால் புள்ளி வரும், பத்து எண்ணுவதற்குள் போகும். மீற்றர் வைத்தார். மீற்றரும் தங்கம் என்றது. வாய்க்கால் கரையில் நின்ற ஆட்கள் மெல்ல வீட்டுக்குக் கழன்றார்கள். நானும் நாகரிகமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

தடியை ஊன்றிக்கொண்டு நின்ற பத்மாக்கா சொன்னா: “அண்ணை, சும்மா நிக்கேக்க எல்லா மாடும் நல்ல மாடுதான். கலப்பையைப் பூட்டிப் பாருங்கோ.”

அண்ணை ஒரு ரோச் பல்பை எடுத்து ஒவ்வொரு பற்றறியிலும் தனித்தனியாகப் பிடித்தார். மூன்றிலும் பல்பு பூனைக்கண் போல மினுங்கி மங்கியது.

“எப்பிடிச் சார்ஜ் பண்ணினனீங்கள்?” என்று கேட்டேன்.

“சோலரிலதான். பிறகு ரெண்டு கிழமை தகரக் கூரையில காயவைச்சனான்.”

“சார்ஜ் பண்ணின பற்றறியை ஏன் அண்ணை காயவைச்சனீங்கள்?”

“பலம் கூடட்டுமெண்டு.”

சித்திரை வெயிலில் எங்கள் ஊர்த் தகரத்தில் அப்பளம் பொரிக்கலாம். செத்த பற்றறிக்கு உயிர் கொடுத்த அதே வைத்தியத்தால் உயிருள்ள மூன்றைக் கொன்றிருந்தார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது விளங்கியது. முகம் சுருங்கிப் போய்விட்டது.

“கடையில வாங்கிப் போடுவமே?” என்றேன்.

“கடைப் பற்றறிக்கு வேகம் கூட. லேசர் மணி எரிஞ்சுபோம்” என்றவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். திரும்பி வந்தபோது கையில் சார்ஜ் பண்ணும் பற்றறிகள் வேறு மூன்று இருந்தன. கனடாவில் இருக்கும் மகள் அவருடைய ரேடியோவுக்கென்று அனுப்பியவை. ரேடியோவுக்குள்ளேயே இருந்ததால் வெயில் படாமல் தப்பியவை. செய்தி கேட்காவிட்டால் அந்த மனுசனுக்குச் சோறு இறங்காது என்பது ஊருக்கே தெரியும்.

புள்ளி எரிந்தது. அணையவில்லை. பத்மாக்காவின் காணி என் காணியை விட நாலு விரல் பள்ளம் என்று தடி சொன்னது. மேடு இருந்தது வாய்க்காலில், ஒரே ஒரு இடத்தில். என் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் கடப்பதற்கு நான் போட்ட பனங்குற்றிகளில் மண் அடைத்து ஒரு சாண் உயர்ந்திருந்தது. சிவப்புப் புள்ளி அந்தக் குற்றிகளுக்கு மேல் வைத்த தடியின் அடியில் வந்து அசையாமல் நின்றது. இந்த முறை நான் விழுந்து படுக்கவில்லை. படுத்திருக்கலாம்.

“இப்ப ஏணி ஆருக்கு வேணும் தம்பி?” என்று பத்மாக்கா கேட்டா.

பொழுதுபட முன்னம் குற்றிகளைக் கிளப்பினேன். பட்டியலில் அவவின் பெயரை முதலாவதாக எழுதினேன். மற்ற வாய்க்கால்காரர்களும் தங்கள் காணியை அளக்க வேண்டுமென்று லேசரைக் கேட்டு வந்தார்கள். அண்ணை இல்லை என்று சொல்லத் தெரியாதவர். மூன்று பற்றறியும் லேசருக்குள்ளேயே ஊர் சுற்றின, ரேடியோ ஊமையாய்க் கிடந்தது. கடைக்குப் போய் வாங்க அவருக்கு மானம் விடவில்லை.

ஒரு பின்னேரம் அவர் வீட்டு முற்றத்தில் என் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தினேன்.

“என்ன செய்யிறீர் செயலாளர்?”

“நீங்கள் ரேடியோவைக் கொண்டுவாங்கோ.”

அந்தச் சிறுபோகம் முழுக்கச் சுற்றினேன். “சத்தம் குறையுது, கெதியாச் சுத்தும்” என்று அதட்டுவார். சமாதானம் இளைக்கத் தொடங்கிய வருடம் அது, வந்த செய்தி ஒன்றும் நல்லதாக இல்லை. என் தோள் உளைந்தது. அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு நாள் பத்மாக்கா வந்து, “விடும் தம்பி, இனி நான் சுத்திறன்” என்றா. நான் பெடலை விடவில்லை.