ஆடாக வாசித்த ஆலோசகர்

"மிஸ், றெக்ஷன் தமிழிலை கதைச்சிட்டான்! புள்ளியைக் குறையுங்கோ!"

"நீயும் அதைத் தமிழிலைதானே சொன்னனி! உங்கடை குழுவுக்கும் குறையுங்கோ மிஸ்!"

இரண்டு குழுக்களின் புள்ளியையும் அழித்துவிட்டுத் திரும்பிய துஷாந்தினி ரீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. சுருவில் கிராமப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. குழுவாக வாசிப்பதையும் விளையாட்டாகப் புள்ளி போடுவதையும் யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சியில் காட்டியிருந்தார்கள். அங்கே மாணவர்களாக நடித்தவர்கள் ஆசிரியர்கள், புள்ளிக்காக ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

போதாக்குறைக்கு, இன்றைக்குக் கல்வித் திணைக்களத்திலிருந்து ஆலோசகர் பாடம் பார்க்க வருகிறார் என்று அதிபர் காலையில் சொல்லியிருந்தார். அவருடைய அறிக்கையை நம்பித்தான் அவளுடைய நியமனம் நிரந்தரமாக வேண்டும்.

புள்ளி போன பயத்தில் வகுப்பே ஊமையாகிவிட்டது. ஊமை வகுப்பை ஆலோசகருக்குக் காட்ட முடியுமா?

"சரி, ஒரு இங்கிலிஸ் சொல்லுக்கு ஒரு புள்ளி!" என்றாள்.

"பக்கெற்! பஸ்! பிஸ்கற்! பல்ப்!"

கூரை கிளம்பியது. அதை அடக்க, காணாமற்போன ஆட்டைத் தேடும் கதையை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்கச் சொன்னாள். எல்லாரும் வீட்டுக்காரர் ஆனார்கள். ஆடாக ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, கையில் கோப்புடன் கண்ணாடி போட்ட ஒருவர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"குட் மோர்னிங் சேர்! ப்ளீஸ் கம் இன்!" என்று துஷாந்தினி அவசரமாக வரவேற்றாள்.

அவர் வாய் திறக்கமுன்னம், ஆடு கிடைக்காத குழு ஒன்றின் தலைவி மேனுகா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, தன் குழுவுக்கு நடுவில் கதிரை போட்டு இருத்திவிட்டாள். அவர் குனிந்து அவளுடைய காதுக்குள் ஏதோ சொன்னார். மேனுகா கடுமையாக மறுத்துத் தலையாட்டி, வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

ஆட்டின் முறை வந்ததும் அவர் புத்தகத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"ம்மே…" என்றார்.

வகுப்பு அதிர்ந்தது. தன்னுடைய வேலைக்கே கோடு இழுப்பதுபோல, துஷாந்தினி மேனுகாவின் குழுவுக்குப் புள்ளி போட்டாள். அவரோ முறை வராத இடத்திலும் கத்தத் தொடங்கிவிட்டார்.

"மிஸ், அந்தாள் கள்ள ஆட்டம்!" என்று றெக்ஷன் அழுவாரைப்போல எழும்பினான்.

ஒருவழியாக மணி அடித்தது.

"குறை நினையாதேங்கோ சேர்," என்று துஷாந்தினி கிட்டப் போனாள். "பாடத்தைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை…"

அவர் அனுமதி கேட்பதுபோல மேனுகாவைப் பார்த்தார்.

"பாவம் மிஸ்," என்றாள் மேனுகா. "அவர் பக்கத்து வகுப்பிலை கணக்குப் பாடம் பார்க்க வந்தவராம். தமிழிலை சொல்ல வெளிக்கிட்டவர், இங்கிலிசிலை சொன்னாத்தான் விடுவன் எண்டிட்டன்."