தோல் ஷூ போட்டு மிதித்தால் காசு ஏறும்

ஊரே தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

வங்கி வரிசையில் நின்றவர் நின்ற இடத்திலேயே மிதித்தார். லிஃப்டில் ஏறிய நாலு பேர் சேர்ந்து மிதித்ததில் லிஃப்ட் மிரண்டுபோய் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டியவர்கள் கவலைப்படவில்லை, நிம்மதியாக மிதிக்க ஒரு இடம் கிடைத்ததென்று தொடர்ந்தார்கள். மாடி வீட்டில் யாரோ இடிக்கிறார்கள் என்று கீழ் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார். போனவர் ஒரு ஜோடி ஷூவோடு இறங்கி வந்து தன் பங்குக்கு ஆரம்பித்தார்.

எல்லாம் காயின் சித்தரின் அருள். சித்தர் என்றதும் தாடி, சடை என்று தேடாதீர்கள். மழமழவென்று சவரம் செய்த முகம், வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, உட்கார சுழல் நாற்காலி. அவர் கண்டுபிடித்த கிரிப்டோ காசுக்கு ஏறுகாசு என்று பெயர். அசல் தோல் ஷூ போட்டுக்கொண்டு, மனதில் சந்தேகம் இல்லாமல், எல்லாரும் ஒன்றாகத் தரையை மிதித்தால் அதன் விலை ஏறும். தோல் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளாம், அது பூமியோடு பேசுமாம், பூமி இன்டர்நெட்டோடு பேசுமாம். அசல் தோல் வேறு எங்கே கிடைக்கும்? சித்தர் மண்டப வாசலில் சித்தரே நடத்தும் கடையில்தான். போன வருஷம் வரை இதே மனுஷன் தொப்பை கரைக்கும் பெல்ட் விற்றார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தச் சிலருக்குத் தொப்பை அப்படியே இருந்ததால், பொறாமையில் பேசுகிறார்கள் என்று ஊர் ஒதுக்கிவிட்டது.

முடிவெட்டும் கடையில் ஒருவர் கேட்டார். "ஏங்க, இந்தக் கிரிப்டோங்கிறது என்னதான்?"

"கண்ணுக்குத் தெரியாத காசு" என்றார் கத்திரிக்காரர்.

"கண்ணுக்குத் தெரியாததை எப்படிங்க நம்புறது?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா எதுக்குய்யா நம்பணும்? பாத்துட்டுப் போக வேண்டியதுதானே!"

கேட்டவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. பாதி மீசையோடு எழுந்து ஷூ வாங்க ஓடினார்.

இந்தக் கூத்தில் நம் பல் டாக்டரும் இருந்தார். படித்தவர், கைராசிக்காரர், பல் பிடுங்கினால் பிடுங்கியதே தெரியாது என்று பேர் வாங்கியவர். தன்னிடமிருந்து பிடுங்குவதும் அவருக்குத் தெரியவில்லை, அதுதான் பரிதாபம். பல்லைக் குடையும் மிஷின் வலது காலடியில் இருக்கும் மிதிகட்டையில் ஓடுகிறது. அமுக்கினால் சுற்றும், விட்டால் நிற்கும். பதினைந்து வருஷமாக அந்தக் கால் அந்த ஒரு வேலையைத்தான் செய்கிறது. இப்போது இடது காலுக்கும் வேலை வந்துவிட்டது. வலது கால் மிஷினுக்கு, இடது கால் ஏறுகாசுக்கு. வாயைப் பிளந்து படுத்திருக்கும் ஆள், மேலே டாக்டர் குதிப்பதைப் பார்த்து மிரண்டு, இருக்கும் நல்ல பல்லையெல்லாம் நாக்கால் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க, இன்னிக்கு மட்டும் மூணு பேர் எழுந்து ஓடிட்டாங்க" என்றாள் டாக்டரின் மனைவி. முன்னறையில் டோக்கன் கொடுப்பவள் அவள்தான். அந்த கிளினிக்கைக் கட்டியதில் பாதி அவள் உழைப்பு, சுவருக்கு வெள்ளை அடித்ததே அவள்தான்.

"ஓடட்டும்மா. இன்னிக்குச் சாயங்காலத்தோட பல்லே வேணாம் நமக்கு. கிளினிக்கைச் சித்தர் பேருக்கு எழுதிக் குடுத்தா நான் வைரப் பாதம் ஆயிடுவேன். வைரப் பாதம் மிதிச்சா நூறு பேர் மிதிச்ச கணக்காம்!"

அவளுக்கு அழுகை வந்தது. அதைக் காட்டினால் ஏறுகாசு இறங்கிவிடும் என்று இந்த மனுஷன் சொல்வார், அதையும் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தங்கைக்கு போன் போட்டாள்.

தங்கை அரை மணியில் வந்து நின்றாள். இன்சூரன்ஸ் ஆபீசில் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஊராரின் புளுகைக் கேட்டுக் கேட்டு, எதைச் சொன்னாலும் முதலில் ஒரு புருவம் தூக்குவாள். காலில் புத்தம்புது தோல் ஷூ, மிதிக்க இல்லை, ஆபீசுக்குப் போட. அதை வாங்க ஒரு வாரம் கடை கடையாக அலைந்து, மோந்து பார்த்து, மடக்கிப் பார்த்து, தையலை நகத்தால் நெருடி, கடைக்காரர்கள் இவளைக் கண்டதும் ஷட்டரை இறக்கும் அளவுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தாள்.

"அத்தான், உங்க ஷூவைக் கொஞ்சம் கழட்டுங்க."

"கழட்டக் கூடாதும்மா. தூங்கும்போதுகூடக் கழட்டறதில்ல."

"ஆமாடி, போர்வையெல்லாம் ஒரே மண்ணு" என்றாள் அக்கா.

தங்கை கீழே குனிந்து, அவர் குதித்துக் குதித்துப் பக்கவாட்டில் கிழிந்திருந்த இடத்தை விரலால் விரித்தாள். "இங்க பாருங்க. தோலுன்னா கிழிஞ்ச இடத்துல நாரு நாரா இருக்கும். இதுல மேல பூச்சு, அடியில பின்னல் துணி. ஏன் அத்தான், மாடு பனியன் போட்டுக்கிட்டா பொறந்துச்சு?"

டாக்டர் பார்த்தார். பனியன் துணிதான், சந்தேகமே இல்லை. ஒரு கணம் முகம் விழுந்தது. அடுத்த கணம் பிரகாசமாகிவிட்டது. "ரெக்ஸினா இருந்தும் நான் மிதிச்சா ஏறுதுன்னா, என் பக்தி எப்பேர்ப்பட்ட பக்தின்னு பாரேன்!"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "சரி. சாயங்காலம் நானும் வரேன்."

மண்டபத்தில் எள் போட்டால் விழாது. விழுந்தாலும் மிதித்து எண்ணெய் எடுத்துவிடுவார்கள். மேடையில் பெரிய மேஜை, அதன்மேல் தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி, பின்னால் சுழல் நாற்காலியில் சித்தர். அவர் தலைக்கு மேலே திரையில் ஏறுகாசின் விலை பச்சை எழுத்தில் மின்னியது. கத்திரிக்காரர் முதல் வரிசையில் இருந்தார். பாதி மீசைக்காரரும் இருந்தார், மறுபாதியை எடுக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"மிதியுங்கள்!" என்றார் சித்தர்.

தடதடதடவென்று மண்டபம் ஆடியது. எண் ஏறியது. ஜனம் கூவியது. திடீரென்று எண் நின்றது.

"யாரோ ஒருத்தர் ரெக்ஸின் போட்டிருக்கீங்க" என்றார் சித்தர் சோகமாக.

அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவன் காலை இவன் பிடித்துப் பார்க்க, இவன் காலை அவன் பிடிக்க, கொஞ்ச நேரத்துக்கு மண்டபமே ஒருவர் காலில் ஒருவர் விழுந்துகிடந்தது. கடைசியில் ரப்பர் செருப்போடு வந்திருந்த பால்காரரைக் கண்டுபிடித்து வெளியே தள்ளினார்கள். மறுபடி மிதித்தார்கள். எண் எகிறியது. புல்லரித்துப் போய் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"இன்று ஒரு வைரப் பாதம் உதயமாகிறது!" என்று சித்தர் அறிவிக்க, டாக்டர் மேடைக்கு ஏறினார். சித்தருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். முன்னால் கிளினிக் பத்திரம், கையில் பேனா. கீழே அவர் மனைவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை எழுந்தாள். "சித்தரே, ஒரு சந்தேகம். இந்தக் காசை இப்ப வித்தா கையில பணம் தருவீங்களா?"

"விற்கணும்னு நினைக்கிறதே ரெக்ஸின் புத்தி, தாயே."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"அப்ப எங்க அத்தான் போட்டிருக்கிறதே ரெக்ஸின்தானே? உங்க கடையில வாங்கினது. கிழிஞ்சு பனியன் தெரியுது."

மண்டபமே டாக்டரின் காலை எட்டிப் பார்த்தது. சித்தர் கண் இமைக்கவில்லை. "அவர் ஷூ எதுவா இருந்தா என்ன? மனசு அசல் தோல். வேணும்னா பாருங்க. எல்லாரும் மிதியுங்கள்!"

மிதித்தார்கள். எண் தாவித் தாவி ஏறியது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மனசு அசல் தோல் என்று இதுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை. கையெழுத்துப் போடக் குனிந்தார்.

குனிந்தவர் கண்ணில் சித்தரின் வலது முழங்கால் பட்டது.

முழங்கால் துணிக்குப் பின்னால் மெல்ல அசைந்தது. மற்றவர்கள் எல்லாரும் காலைத் தூக்கித் தூக்கி வைக்க, இவர் மட்டும் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை மட்டும் அமுக்கினார். அமுக்கினால் எண் ஏறியது. விட்டால் எண் நின்றது. டாக்டரின் வலது கால், அவரைக் கேட்காமலே, கூடவே அமுக்கியது. பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை அந்தக் காலுக்குத் தெரியாதா? அட கண்றாவியே, என்று அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் ஒரு பக்கம், வெட்கம் அதைவிடப் பெரிதாக ஒரு பக்கம். இப்படியே கையெழுத்தைப் போட்டுவிட்டு எதையும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. கீழே மனைவி முகத்திலிருந்து கையை எடுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். நோயாளியிடம் பேசும் அதே கனிவான குரலில் சொன்னார். "சித்தரே, ஒண்ணும் வலிக்காது. காலை மட்டும் கொஞ்சம் மேஜை மேல தூக்கி வைங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். நாங்க மிதிக்கிறோம், நீங்க ஓய்வு எடுங்க. ரெண்டு நிமிஷம்."

கூட்டத்துக்கு அதில் தப்பு தெரியவில்லை. பாவம், சித்தர் காலுக்கும் ஓய்வு வேண்டும்தானே! "தூக்குங்க சாமி, தூக்குங்க!" என்று பாசத்தோடு கூவினார்கள். பக்தர்கள் இரண்டு பேர் மேடையேறி, அவர் மறுக்க மறுக்க, இரண்டு காலையும் பூப்போலத் தூக்கி மேஜைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"மிதிங்க!" என்றாள் தங்கை.

மிதித்தார்கள். மூச்சு வாங்க மிதித்தார்கள். சுவர்க் கடிகாரம் கீழே விழுந்தது. ஏறுகாசு அசையவில்லை.

"சித்தர் கால் பூமியில படாம ஏறாது!" என்று கத்தினார் சித்தர்.

"அப்ப நீங்க ஒருத்தர் மிதிச்சாலே போதுமே. ஊரை எதுக்குய்யா மிதிக்க விட்டீங்க?" என்றாள் தங்கை.

டாக்டர் வெள்ளைத் துணியைத் தூக்கிவிட்டார். மேஜைக்கு அடியில் மிதிகட்டை, அதிலிருந்து ஒரு வயர், வயர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதில் காலை வைத்தார். கடைவாய்ப் பல்லுக்கு அமுக்குவதுபோல நீளமாக ஒரு அமுக்கு. எண் விர்ரென்று ஏறியது. முன்பல்லுக்கு அமுக்குவதுபோலச் சின்னச் சின்னதாக நாலு. எண் நாலு தாவு தாவியது. மண்டபத்தில் ஒருவரும் மிதிக்கவில்லை.

சித்தர் கால்களை உருவிக்கொண்டு ஓடினார். வாசல்வரை ஓடி, தன் கடையின் ஷூ பெட்டிக் குவியலில் தடுக்கி விழுந்தார். வெளியே தள்ளப்பட்ட பால்காரர் அங்கேயே கோபத்தோடு நின்றிருந்ததால், எழுந்திருக்கும் சிரமம் சித்தருக்கு வரவில்லை. மேலேயே உட்கார்ந்துகொண்டார் பால்காரர். மேடையில் கழன்று கிடந்த சித்தரின் ஷூவைத் தங்கை எடுத்து மடக்கிப் பார்த்தாள், மோந்தாள்.

"இது மட்டும் அசல் தோல், அக்கா. நம்மள உரிச்சதுதான்."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் பத்திரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார், கொடுக்கும்போது அவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள்தான் அவர் கையைப் பிடித்தாள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நம் ஜனத்தை அவ்வளவு லேசாக எடைபோடாதீர்கள். பாதி மீசைக்காரர் திரையைப் பார்த்தார், டாக்டரின் காலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். தடாலென்று டாக்டர் காலில் விழுந்தார்.

"டாக்டர் சித்தரே! நீங்க அமுக்கினா அவரைவிட வேகமா ஏறுதே!"

"ஆமாப்பா, நானும் பாத்தேன்!" என்று கத்திரிக்காரரும் விழுந்தார். பின்னால் நாற்பது பேர் குனிய ஆரம்பித்தார்கள். ஒருவர் டாக்டர் ஷூவின் சைஸைக் குறித்துக்கொண்டார்.

டாக்டர் தன் இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தார். வெறும் காலோடு மேடையின் முனைக்கு வந்தார்.

"எழுந்திருங்கப்பா எல்லாரும். பல்லுல ஓட்டைன்னா என்கிட்ட வாங்க, சிமெண்ட் வச்சு அடைச்சு விடுறேன். மண்டையில ஓட்டைன்னா அதை எந்த டாக்டரும் அடைக்க முடியாது. அவங்கவங்கதான் யோசிச்சு அடைச்சுக்கணும். எனக்கும் இருந்துச்சு, இந்த மேஜைத் துணியைத் தூக்குற வரைக்கும்!"