நாலு கோடும் தெரிகிறது

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு மேல்மாடியில் 'பாசன மின்னிணைப்பு வரிசை வாரியம்' என்றொரு அலுவலகம் இருந்தது. அதில் இளநிலை உதவியாளராகக் காலம் தள்ளிய நஞ்சுண்டன் அடியேன்தான். கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கேட்கும் விவசாயிகளை வரிசையில் நிறுத்துவது எங்கள் பணி. மின்சாரம் கொடுப்பது எங்கள் பணியல்ல என்பதை நாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வரிசையில் நின்றார்கள்.

அந்தியூரில் இருக்கும் என் அண்ணனின் விண்ணப்பமும் அதில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக நின்றது. அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொல்லி அண்ணன் கேட்டபோது நான் நேர்மையாக மறுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஒருமுறை நகர்த்திப் பார்த்தேன். மற்றவர்களுக்கு என்னைவிட நன்றாக நகர்த்தத் தெரிந்திருந்ததால், இருநூற்று எட்டில் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் போய்விட்டது. அதன்பிறகு நேர்மையிலேயே நின்றுவிட்டேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். ஊரெல்லாம் இன்டர்நெட் பைத்தியம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள்கூடக் கல்யாணப் பத்திரிகையில் ஈமெயில் முகவரி அச்சடித்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் எங்கள் தனி அலுவலர் வரதராஜுலு அவர்கள் சிங்கப்பூருக்கு ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். போனபோது நல்ல மனிதராகத்தான் போனார். வந்தபிறகு 'ஒயர்லெஸ்' என்ற சொல் இல்லாமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியவில்லை. மூன்றே மாதத்தில் ஒரு லேப்டாப்பும், அதனோடு காற்றிலேயே பேசும் ஒரு சிறிய பெட்டியும் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. கொள்முதல் பதிவேட்டில் நானே என் கையால் எழுதினேன்: 'கம்பியில்லாக் கருவி, எண்ணிக்கை ஒன்று.' இன்டர்நெட்டுக்குக் கணக்கும் வாங்கியாயிற்று.

டிசம்பரில் சென்னைத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் காகிதப் பட்டியல் செல்லாது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் மின்னஞ்சலில் வந்து சேர வேண்டும். வந்தால் முதல் பெயருக்கு உடனே இணைப்பு. வராவிட்டால் வரிசை கலைக்கப்படும். எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

முதல் பெயர் ஆனைமலை நஞ்சம்மாள். பதினொரு வருஷத்துக்கு முன் விண்ணப்பித்தவர் அவருடைய கணவர். அவர் வரிசையில் நின்றபடியே காலமானார். பெயரை மாற்ற இரண்டு வருஷம் ஆனது. நூற்று நாற்பது தென்னை மரங்களில் முப்பது ஏற்கனவே பட்டுப்போயிருந்தன. கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது அடியில் இருந்தது. இன்னொரு கோடையை மரங்கள் தாங்காது என்று அந்த அம்மாள் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டு பேனாவுக்கு மை ஊற்றினேன்.

இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை, பட்டியலை அனுப்புவதற்காக டைப்பிஸ்ட் சூசைமேரி லேப்டாப்பைத் திறந்தாள். நஞ்சம்மாளும் துணிப்பையோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"சிக்னல் நாலு கோடும் தெரியுதுங்க சார்" என்றாள் சூசைமேரி. "இன்டர்நெட் மட்டும் வந்துட்டே இருக்குதுங்க."

எங்கள் பக்கத்தில் மேலதிகாரியிடம் 'இல்லை' என்று சொல்லுகிற வழக்கம் கிடையாது. எதுவானாலும் வந்துகொண்டே இருக்கும்.

"நாலு கோடு தெரியுதில்ல? அப்ப இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் வரதராஜுலு.

இருந்தும் அது வரவில்லை. லேப்டாப்பைச் சென்னை இருக்கும் திசை பார்த்துத் திருப்பி வைத்தோம். இன்டர்நெட் உள்ளே வருவதற்கு வசதியாக ஜன்னலைத் திறந்தோம். கீழே புடவைக் கடையில் ஊதுபத்தி ஏற்றிய வாசனை வந்தது. செவ்வாய்க்கிழமை பெட்டியை உயரத்தில் வைக்கலாம் என்று முடிவாயிற்று. முப்பது வருஷத்துக் கோப்புகளை அடுக்கி அதன்மேல் வைத்தோம். அந்தக் கோப்புகள் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான். அப்போதும் நாலு கோடுதான் தெரிந்தது. ஐந்தாவது கோடு என்று ஒன்று இல்லாததால் முன்னேற்றத்தை அளக்க முடியவில்லை.

புதன்கிழமை மாசாணத்தைக் கூப்பிட்டோம். எங்கள் கட்டடத்தில் மின்விசிறியிலிருந்து டெலிபோன் வரைக்கும் பார்க்கிற ஒயர்மேன் அவர். பெட்டியை எடுத்து ஒரு திருப்புத் திருப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சாருங்க, லேப்டாப்பு இந்தப் பொட்டிகூட நல்லாத்தான் பேசுது. பொட்டிதான் வெளிய யாருகூடவும் பேசலீங்க. பின்னாடி ஒரு ஓட்டை இருக்குது பாருங்க, அதுல டெலிபோன் ஒயரச் சொருகோணும். சொருகுனா வந்துபோடுமுங்க."

தனி அலுவலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஒயரா?" என்றார் வரதராஜுலு. பிறகு என் பக்கம் திரும்பினார். "நஞ்சுண்டன், நாம வாங்குனது என்ன?"

"கம்பியில்லாக் கருவிங்க சார்."

"நாளைக்கு ஆடிட்டு வந்தா என்ன கேப்பாங்க?"

"கம்பியில்லாக் கருவிக்கு எதுக்குக் கம்பின்னு கேப்பாங்க சார்."

"அப்ப அந்தக் கரண்டு ஒயருங்க?" என்று மாசாணம் பெட்டியிலிருந்து சுவருக்குப் போன கறுப்பு ஒயரைக் காட்டினார்.

"அது மின் கட்டணத் தலைப்புல வருது. அது கருவிக்குச் சாப்பாடு. சாப்பாடு வேற, கம்பி வேற" என்றார் வரதராஜுலு. இருபத்தாறு வருஷ அனுபவம் அந்தப் பதிலில் தெரிந்தது.

பெஞ்சிலிருந்து நஞ்சம்மாள் மெல்லக் கேட்டார். "ஏனுங்க சார், என்ற தோட்டத்துலயும் இதே கதைதானுங்க. வாய்க்கா வெட்டி வெச்சிருக்குது, கெணத்துல தண்ணி இருக்குது, ரெண்டுக்கும் நடுவாலதான் ஒண்ணுமில்லீங்க. அவரு சொல்ற மாதிரி ஒயரச் சொருகிப்போட்டா ஆகாதுங்களா?"

"இது தொழில்நுட்பம் அம்மணி. உங்களுக்குப் புரியாது."

"சரீங்க" என்றார் நஞ்சம்மாள். அவருக்குப் புரிந்திருந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது. மாசாணம் தன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை மூன்று பேர் குழு அமைக்கப்பட்டது. நானே உறுப்பினர் செயலர். ஆறு பக்கத்தில் அறிக்கை கொடுத்தோம். 'கம்பி என்ற பொருளை நாடாமல், கம்பியினால் விளையும் பயனை மட்டும் அடைவதற்கான வழிவகைகள் ஆராயப்படலாம்' என்ற கடைசி வரியை எழுதியபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. வரதராஜுலு அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை முப்பத்தொன்று. நஞ்சம்மாள் ஆனைமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். காலை முழுக்க இன்டர்நெட் வந்துகொண்டே இருந்தது. ஒரு மணிக்கு வரதராஜுலு சாப்பிட வீட்டுக்குப் போனார். அறையில் நான், சூசைமேரி, நஞ்சம்மாள். மேஜைமேல் டெலிபோன். அதன் ஒயர், பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

"கண்ணு" என்றார் நஞ்சம்மாள் என்னிடம். "அந்த ஒயர நீங்க எடுத்துச் சொருகிப்போடுங்களே."

"எனக்கு அதிகாரம் இல்லீங்கம்மா."

"சொருகறதுக்கா?"

"டெலிபோன்ல இருந்து எடுக்கறதுக்கே இல்லீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாக்காம இருக்கறதுக்கு இருக்குதுங்களா?"

விதிகளை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. சொல்லப்போனால் பெரும்பாலான விதிகள் அதைத்தான் ஊக்குவித்தன.

"அது இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நாள்காட்டியைப் படிக்கத் தொடங்கினேன். ராகு காலம், எமகண்டம், கீழே புடவைக் கடையின் விலாசம்.

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு மழை பெய்த மறுநாள் கிணற்றில் தவளைகள் கத்துகிற மாதிரி பெட்டி கத்தியது. சூசைமேரி கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு டைப் அடித்தாள். "போயிருச்சுங்க" என்றாள். மணி ஒன்று நாற்பது. நஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பதினொரு வருஷமாக நகராத ஒன்று நான் பார்க்காதபோது நகர்ந்திருந்தது. சூசைமேரி மேஜை விரிப்பை இழுத்து ஒயரை மூடினாள்.

வரதராஜுலு திரும்பி வந்து திரையைப் பார்த்தார். உலகமே அதில் தெரிந்தது.

"நான் சொன்னேனா இல்லியா? நாலு கோடு தெரிஞ்சா இருக்குதுன்னு அர்த்தம்."

"ஆமாங்க சார்" என்றோம் மூன்று பேரும். பெரிய மனிதர் சந்தோஷமாக இருக்கும்போது உண்மையைச் சொல்லி அவமரியாதை செய்ய யாருக்கு மனசு வரும்?

சென்னைக்கு நல்ல செய்தி சொல்ல டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தார். அதில் சத்தமே இல்லை.

"போன் செத்துப்போச்சு பாத்தீங்களா?" என்றார் பரவசத்தோடு. "கம்பியோட காலம் முடிஞ்சுதுங்க."

செய்தியை மின்னஞ்சலிலேயே அனுப்பினார். 'எவ்விதக் கம்பியின் துணையுமின்றித் தொடர்பு சாதிக்கப்பட்டது' என்ற அந்த வாசகம் சென்னையில் என்ன வேலை செய்தது என்பது ஜனவரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அரசாணை வந்தது. கம்பியில்லாத் தொடர்பு கோவையில் வெற்றி பெற்றிருப்பதால், பாசன மின்னிணைப்புகளும் இனிக் கம்பியின்றியே வழங்கப்படும். கம்பம் உண்டு. மீட்டர் உண்டு. இணைப்பு இருப்பதற்கு அடையாளமாக மீட்டர் பெட்டியின்மேல் நான்கு கோடுகள் பச்சைப் பெயின்டில் வரையப்படும். சோதனை முறையில் முதல் பெருமை ஆனைமலை நஞ்சம்மாளுக்கு.

நஞ்சம்மாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கமான பெஞ்சில் உட்காராமல் என் மேஜைமுன் நின்றார்.

"நான் சொருகுன ஒயரு என்ற தலைமேலயே வந்து உளுந்திருச்சுங்களே, கண்ணு."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் வரதராஜுலுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்து முடித்தபோது உட்கார்ந்தபடியே இருந்தேன். ஒயர் சொருகியது வெளியே வந்தால் நான் நாள்காட்டி படித்ததும் வெளியே வரும். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான முறை.

"அந்த மாசாணம் எங்கூருப் பக்கந்தானுங்களே?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்கம்மா."

"சரி, விடுங்க. நீங்க நாள்காட்டியப் பாருங்க."

தொடக்க விழாவுக்கு எல்லோரும் ஆனைமலைக்குப் போனோம். பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். பளபளவென்று ஒரு கம்பம் நின்றது. அதற்குப் போவதும் அதிலிருந்து வருவதும் எதுவுமில்லை. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் இருநூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரதராஜுலு மோட்டார் ரூம் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். ரோட்டோரத்துப் பழைய கம்பத்திலிருந்து, தென்னை மட்டைகளுக்கு நடுவில், மரத்துக்கு மரம் தாவி ஒரு பச்சை ஒயர் வந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பந்தல் ஓரத்தில் மாசாணம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததையும் பார்க்கவில்லை. இந்த வேலையில் எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

நஞ்சம்மாள் எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். "உங்க ஆபீசுல கத்துக்கிட்டதுங்க" என்றார்.

அன்றைக்கு விவசாயிகள் கொடுத்த மனுக்களைச் சாக்கில் கட்டித்தான் கொண்டுவர முடிந்தது. எங்களுக்கும் கம்பியில்லா இணைப்புத்தான் வேண்டும் என்றார்கள். காற்றில் அறுந்து விழாது, திருட்டுப் போகாது, பார்வைக்கும் லட்சணம் என்றார்கள். இருபது வருஷமாகக் கம்பி வழியாக மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், தன்னைப் பழைய காலத்து ஆள் என்று சம்பந்தி வீட்டில் கேலி செய்வதாகச் சொல்லி, இருந்த கம்பியைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து மனுக் கொடுத்தார்.

சென்னை மகிழ்ந்தது. மூன்றே மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கும் இணைப்பு வழங்கப்பட்டு, வாரியத்தின் வரலாற்றில் முதல்முறையாக வரிசை தீர்ந்தது. வரதராஜுலு பெரிய பதவியில் சென்னைக்குப் போனார். அவருடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள்.

ஒருநாள் காலை அந்தியூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். புதிய உதவியாளர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய் நஞ்சுண்டா, கம்பம் நட்டுப்போட்டாங்க. மீட்டரும் வெச்சுப்போட்டாங்க. மோட்டாருதான் ஓட மாட்டீங்குது. மஞ்சக்காடு பூராத்தும் காயுதுடா. என்ன பண்றது?"

மாசாணத்தைப் பிடிங்கண்ணா, ஒரு ஒயர் இழுத்துப்போடுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதவியாளர்கள் பேனாவை எடுத்தார்கள்.

"மீட்டர் பொட்டில நாலு கோடும் தெரியுதுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"நமக்கு நாலும் பளிச்சுனு தெரியுது" என்றார் அண்ணன். அவர் குரல் சட்டென்று மாறிவிட்டது. "பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு மூணுதான் அடிச்சிருக்காங்கடா. பெயின்டு தீந்துபோச்சாம். மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுத் திரியறான்."