பல் ஆஸ்பத்திரி வேப்பமரம்

டி.வி. பார்த்து உலகத்தைத் தெரிந்துகொண்டவன் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் என்னைப் பார்க்கலாம்.

திருவொற்றியூரில் எங்களுக்கு மளிகைக் கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்ட அப்பாவுக்கு நான் ஒரே வாரிசு. எனக்கோ மிளகாய் மூட்டையைப் பார்த்தாலே தும்மல். கடை அடைத்த பிறகு கேபிளில் வரும் ராப் பாட்டுச் சேனல்தான் கதி. தொளதொள சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மாட்டுச் சங்கிலி கனத்துக்குத் தங்கம், பல்லிலும் தங்கம். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் கோபமாக எதையோ சொல்லிக்கொண்டே நடப்பார்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நம்ம ஆட்கள் என்று தோன்றும். (அவர்களுக்கு என்ன தோன்றும் என்று யோசிக்கிற மூளை அப்போது இல்லை. இப்போதும் அரைகுறைதான்.) அப்பா ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு நகையப் போட்டுக்கிட்டு ஏம்ல சண்டைக்கு நிக்கானுவ?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அந்த இசைக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

இந்தக் கல்வித் தகுதியோடு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தேன். வேலை நிரந்தரமில்லை. கப்பல்காரர்களிடமிருந்து ஒரு புகார் வந்தால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீடு என்றால் கடை. கடை என்றால் மிளகாய் மூட்டை.

எண்ணூரில் நின்ற நிலக்கரிக் கப்பலில் ஒரு எஞ்சினியருக்குப் பல்வலி. ராயபுரத்தில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடவேண்டும். பெயர் குவாமே, நாடு கானா. கப்பல் ஏணியில் அவர் இறங்கி வந்ததைப் பார்த்து எனக்கு மூச்சு நின்றது. நெடுநெடுவென்ற உயரம், கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றித் துணி, முகத்தில் அப்படியொரு கடுப்பு. எங்கள் வீட்டு டி.வி.யே இறங்கி வந்த மாதிரி இருந்தது.

துணி தாடையை இழுத்துக் கட்டியது, கண்ணாடி அழுத கண்ணை மறைப்பது, கடுப்பு வலியால் வந்தது. பல் டாக்டரிடம் போகிறவர் என்று தெரிந்தால் பச்சைக் குழந்தைகூட இதை ஊகிக்கும். நான் கையை ஒரு மாதிரி முறுக்கி, பாட்டில் செய்வதுபோல் தோளோடு தோள் இடிக்கப் போனேன். அவர் உயரத்துக்கு எம்பியதில் என் தலை போய் வீங்கிய தாடையில் மோதியது. அவர் போட்ட சத்தத்தையும் ஸ்டைல் என்றே எடுத்துக்கொண்டேன்.

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நிலைக்கு வந்த தேராக நின்றிருந்தன. காருக்குள் விருந்தினர் மனம் குளிரட்டும் என்று ராப் பாட்டைச் சத்தமாக வைத்து, கையை ஆட்டி ஆட்டி நானும் கூடப் பாடினேன். அவர் கண்ணாடிக் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

டிரைவர் சேகர் மெதுவாகச் சொன்னான்: "மாமு, அந்தாளு அய்துகினு கீறாரு. பாட்ட நிறுத்து."

அது ஃபீலிங் என்று அவனுக்கு விளக்கினேன். அப்போது எஞ்சினியர் கன்னத்தைத் தொட்டு எதையோ முனகினார். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டு, இவர்களுக்கெல்லாம் தங்கம்தான் பிடிக்கும், தங்கப்பல்லுக்கு ஏற்பாடு செய்துவையுங்கள் என்று தமிழில் சொன்னேன்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. மாதிரிப் பற்களைத் தட்டில் அடுக்கி, தங்கத்தில் வேண்டும் என்று உங்கள் ஆள் சொன்னாரே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோள் இடித்தது, பாட்டு, தங்கம் எல்லாம் அவர் முகத்தில் ஒன்றாகச் சேர்வது எனக்குத் தெரிந்தது. என் மூக்கில் மிளகாய் நெடி ஏறியது.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். புகார் மட்டும் வேண்டாம் சார் என்று கெஞ்சினேன். அவர் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்.

"அந்தப் பாட்டெல்லாம் என் மகன் கேட்பது. நான் சர்ச்சில் பாடுகிறவன். எங்கள் ஊர் டி.வி.யில் இந்தியப் படம் போடுவார்கள், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். காலையில் உன்னைப் பார்த்ததும், இவன் எப்போது மரத்தைச் சுற்றி ஆடுவான் என்று எனக்கும் தோன்றியது. கேட்டேனா?"

"இல்லை சார்."

"இப்போது கேட்கிறேன்." வேப்பமரத்தைக் காட்டினார். "ஆடினால் புகார் கிடையாது."

ஆடினேன். வேறு வழி? ஒரு கையால் மரத்தைப் பிடித்து, இடுப்பை ஒடித்து, கதாநாயகியும் நானே கதாநாயகனும் நானேயாக ஆடினேன். முகம் வீங்கிய நோயாளிகள் ஜன்னலுக்கு வந்தார்கள். எங்கள் தெருவில் மீன் விற்கும் தேசம்மா அக்கா, காசிமேட்டிலிருந்து சரக்கோடு வந்தவர், கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்.

"நைனா, ஊசி அவுருக்குப் போட்டாங்களா, உனுக்கா?"

எஞ்சினியர் சிரித்ததில் பஞ்சு கீழே விழுந்து ரத்தம் வந்தது. டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்.

புகார் வரவில்லை. வேலையும் நிரந்தரமானது. ஆனால் ஷேர் ஆட்டோ பிடித்து எனக்கு முன்னால் தேசம்மா அக்கா எங்கள் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அப்பா கேட்டார்: "அவரு பல்லப் புடுங்குனதுக்கு நீ ஏம்ல ஆடுன?" எங்கள் வீட்டில் யாருக்குப் பல்வலி வந்தாலும் முதலில் ஒரு வேப்பமரத்தைத் தேடச் சொல்கிறார்கள்.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். எஞ்சினியர் அன்றைக்குப் போனில் படம் பிடித்திருக்கிறார். கானாவில் அவர் மகன் அதை நண்பர்களுக்கெல்லாம் காட்டி, தமிழர்கள் நிஜமாகவே இப்படித்தான் என்று நம்பவைத்துவிட்டானாம். பெருமையாக எனக்கே செய்தி அனுப்பியிருந்தான்.

என்றைக்காவது ஒரு தமிழன் பல்வலியோடு அந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்குவான். வரவேற்க ஒரு பையன் ஓடிவந்து, அவன் கையைப் பிடித்து, பக்கத்திலிருக்கும் மரத்துக்கு இழுத்துக்கொண்டு போவான்.

ஐயா, யாராக இருந்தாலும், மன்னித்துக்கொள்ளுங்கள்.