நல்லெண்ணெய் குடித்த கார்

கார் ஒரு வாயில்லாப் பிராணி. எதை ஊற்றினாலும் வேண்டாம் என்று தலையாட்டாமல் குடித்துவிடும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை, நாம் ஊரைத் தாண்டி ரப்பர் மரங்களைத் தவிர வேறு துணையில்லாத இடத்துக்கு வந்த பிறகுதான் சொல்லும்.

இதை நான் தெரிந்துகொண்டது மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். நானும் அம்மாவும் மலாக்கா காஜா பெராங்கில் குடியிருந்தோம். ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு ராவுத்தரின் மளிகைக் கடையில் எனக்கு வேலை. அவருடைய சாம்பல் நிறக் காரை ஓட்டுவதும் நான்தான். (ஓட்டுவது என்றால், முன்னால் போகிற சைக்கிள்காரருக்கு ஹாரன் அடிக்க வெட்கப்பட்டு, அவர் வீடு போய்ச் சேரும்வரை பின்னாலேயே போவது.)

என் தங்கை சரோஜாவை, தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வாத்தியாராக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அவர் தம் ஊருக்கே திரும்பிவிட முடிவு செய்தார். சரோஜாவும் மூட்டை கட்டினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கப்பலேறிப் போறவ இனிமே என் மூஞ்சியில முழிக்க வேணாம்," என்று சொல்லிவிட்டார்.

சரோஜா அழுதுகொண்டே கிள்ளானில் இருந்த கணவரின் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். துறைமுகம் அங்கிருந்து பக்கம்.

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள், அம்மா அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "ராவுத்தர் காரு நாளைக்குச் சும்மாத்தான நிக்கும்?"

அம்மாவுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அன்று சாயங்காலமே மாவு பிசைந்து, தேங்காய்ப்பால் முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டார். சரோஜாவுக்கு அது உயிர்.

ராவுத்தர் தயங்காமல் சாவியைக் கொடுத்தார். "வழியெல்லாம் ரோடு வேல நடக்குது மாணிக்கம், ஒரே செம்மண்ணு. ஏர் கிளீனர்ல எண்ணெ இருக்கான்னு பாத்துட்டுப் போ."

அந்தக் காலத்துக் காரில் காற்றை வடிகட்டக் காகிதம் கிடையாது. இஞ்சின் மேல் ஒரு சட்டி இருக்கும். அதன் அடியில் கொஞ்சம் எண்ணெய். வெளியிலிருந்து வரும் காற்று அந்த எண்ணெயில் மோதித் திரும்பும்போது தூசி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காற்று கம்பிவலை வழியாக இஞ்சினுக்குப் போகும். எண்ணெய் எதுவரை இருக்கலாம் என்று சட்டியிலேயே ஒரு கோடு உண்டு. (இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சட்டி, எண்ணெய் என்ற இரண்டு சொற்கள் மட்டும்.)

திறந்து பார்த்தேன். உள்ளே கறுப்பாகச் சேறு. தங்கையை வழியனுப்பப் போகும் நாளில் இப்படியா என்று கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். கையெட்டும் தூரத்தில் கடையின் நல்லெண்ணெய் டின். தூரப் பயணம், இஞ்சின் சூடாகும், நல்லெண்ணெய் குளிர்ச்சி. சனிக்கிழமைதோறும் என் தலைக்கு வைத்து அம்மா தேய்ப்பதும் அதுதானே. அம்மா என்றைக்காவது கோடு பார்த்து ஊற்றியிருக்கிறாரா? நானும் பார்க்கவில்லை. சட்டி நிறைய ஊற்றி, மூடி, மூடிக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன்.

காலையில் அம்மா முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். குருபோங் வரை கார் நல்ல பிள்ளையாக வந்தது. அதைத் தாண்டி வேகத்தைக் கூட்டியதும் பலகார வாசனை அடித்தது.

"டின்னு மூடி தொறந்துக்கிச்சோ?" என்று அம்மா அழுத்தி மூடினார்.

வாசனை கூடியது. மறுபடி அழுத்தினார். "என்னாடா இது, மூடிதான் இருக்கு."

பின்னால் பார்த்தேன். ரோட்டைக் காணோம். வெள்ளைப் புகைக்குள்ளிருந்து ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சைக்கிளோடு வெளியே வந்தார். இஞ்சின் இருமியது, விக்கியது. அலோர் காஜாவுக்குக் கொஞ்சம் முன்னால் அடங்கிப்போனது.

நடந்துபோய், வண்டி பழுது பார்க்கும் சீனப் போமென் ஒருவரைக் கூட்டிவந்தேன். என்ன ஊற்றினாய் என்று அவர் மலாயில் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றும் ஊற்றவில்லை என்றேன். பாவம், அவர் என்னை நம்பினார். பெட்ரோல் குழாயைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். வேறு எதையோ கழற்றினார். வெயில் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கடைசியில்தான் பொட்டு வைத்த மூடியைத் திறந்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நக்கிப் பார்த்தார்.

"நீ டிரைவரா, சமையல்காரனா?" என்றார்.

அம்மா காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். மடியில் இருந்த டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிளக்குகளைக் கழுவி, சட்டியைத் துடைத்து, கோடு வரை சரியான எண்ணெய் ஊற்றி அவர் காரைக் கிளப்பியபோதே, கப்பலைப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஓட்டினேன். அன்றைக்கு எல்லாருக்கும் ஹாரன் அடித்தேன்.

துறைமுகத்தில் கூட்டம் கலைந்திருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் பிடித்திருந்த வண்ணக் காகித நாடாக்கள் அறுந்து தண்ணீரில் மிதந்தன. தூரத்தில் ஒரு கப்பல். அம்மா அதைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற துறைமுகத் தொழிலாளி என்னிடம், "அது சிங்கப்பூர் போற சரக்குக் கப்பலு. ஒங்க கப்பல் எப்பவோ போயிருச்சு," என்றார்.

"மெல்லப் பேசுங்கண்ணே," என்றேன்.

திரும்பும்போது சிரம்பான் தாண்டியதும் அம்மா டின்னைத் திறந்து ஒரு முறுக்கை என் பக்கம் நீட்டினார். "அவளுக்குச் சுட்டது. நீயாவது தின்னு." தின்றேன். காரின் வாசனையும் முறுக்கின் வாசனையும் ஒன்றாக இருந்தன.

பல நாள் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒருநாள் சமையலறையில் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விழுந்து புகைந்தது. அம்மா சத்தமாக, "தள்ளு தள்ளு, மாணிக்கம் காரு வருது," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

சரோஜாவுக்கு அப்போதே எழுதினேன். புறப்பட்டோம், வழியில் கார் கெட்டுவிட்டது என்று மட்டும். நல்லெண்ணெய் விஷயத்தை எழுதக் கூச்சம். வாத்தியார் படித்துச் சிரிப்பாரே. அவள் பரவாயில்லை என்று பதில் போட்டாள். சில வருஷத்தில் அம்மா காலமாகிவிட்டார். அவளால் வர முடியவில்லை.

போன வருஷம்தான் சரோஜா வந்தாள். முதல் நாள் காலை என் மனைவி தோசை வார்த்தாள். எண்ணெய் புகைந்ததும் என் மகள், "தள்ளுங்க, அப்பா காரு வருது," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சரோஜா என்னவென்று கேட்க, மகள் கதையைச் சொன்னாள். (போமென் நக்கிப் பார்த்ததோடு நிற்காமல் தோசையே தொட்டுத் தின்றதாகச் சொன்னாள்.) நான் பின்வாசல் பக்கம் நழுவினேன்.

சரோஜா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தாள்.

"அண்ணே, நெசமாவே வந்தீங்களா?"

"எழுதினேனேம்மா."

"காரு கெட்டுப்போச்சுன்னு எழுதுனீங்க. வரப் புடிக்காதவங்க எல்லாரும் அதத்தான எழுதுவாங்க." என் கையைப் பிடித்தாள். "அம்மாவும் வந்தாங்களா?"

"முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு வந்தாங்க. தேங்காப்பால் முறுக்கு."

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக மற்றவர்கள் சொல்லக் கேட்டுத் தலை குனிந்த கதையை அன்றுதான் முதல்முறையாக நானே சொன்னேன். சந்தனப் பொட்டையும் விடவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா கையை ஆட்டினார் என்று சொன்னபோது கேட்டாள்.

"கப்பல் தெரிஞ்சுதா அவங்களுக்கு?"

"நல்லாத் தெரிஞ்சுது," என்றேன். பொய்யில்லை. ஒரு கப்பல் தெரியத்தான் செய்தது.

சரோஜா ஊர் திரும்பிவிட்டாள். அங்கேயும் இப்போது தோசைக்கல்லில் எண்ணெய் விழுந்தால், "தள்ளுங்க, மாமா காரு வருது," என்று பிள்ளைகள் கத்துகிறார்களாம். கிள்ளானுக்கே நேரத்தில் போகாத கார், ஒருவழியாகக் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டது.