ஃபாதரின் வெள்ளைச் சட்டை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே லத்தீன் பேசிக்கொண்டு நட்டு போல்ட் எடுத்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஃபாதர்தான். இன்னொருவர் இருந்திருந்தால் உற்பத்தி படுத்திருக்கும்.

பாதிரியார் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பெண்களுக்கு அப்பா. இளம் வயதில் குருமடத்தில் இரண்டு வருடம் படித்து, கேள்வி கேட்டே எல்லோரையும் துளைத்து வெளியே வந்தவர். எங்கள் வார்ப்பு ஆலையின் ஸ்டோரில் எட்டு வருடமாகக் கான்ட்ராக்ட். கையுறை வாங்கப் போனால், ஏதாவதொரு சொல்லின் பூர்வீகத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது.

அந்த வருடம் பர்மனென்ட்டுக்கு இரண்டு இடம். இன்டர்வியூவுக்கு முதலில் நான், அடுத்து அவர். அவருக்குக் கிடைப்பது உறுதி என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் கட்டம் போட்ட சட்டையில் ஃபாதர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னா நைனா இது? கேண்டிடேட்னா லத்தீன்ல வெள்ள உடுத்தினவன்னு அர்த்தம். ரோமாபுரில பதவி கேட்டு வர்றவன் சுண்ணாம்பு தேச்ச துணியக் கட்டிக்கினுதான் வருவான். மனசுல வச்சிக்காம பேசறத கேண்டிட்னு சொல்றாங்களே, அதுவும் இதே வேருதான். மெழுகுவத்திய கேண்டில்னு..."

"ஃபாதர், மணி பத்தாயிடுச்சி!"

சடாரென்று தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"நீ போய்ட்டு வா. பின்னாடியே நான் மாட்டிக்கினு போறேன்."

உள்ளே இருந்த தலைமை அலுவலகத்துக்காரர்களுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. அங்கிருந்தே வேனில் ஏற்றி, கவரைப்பேட்டைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் "சட்டையக் கழட்டுங்க" என்றபோதுதான் அது யாருடைய சட்டை என்பதே எனக்கு உறைத்தது.

இங்கே ஃபாதரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். பனியனோடு உட்கார்ந்திருந்தவருக்கு யாரோ காக்கிச் சட்டையை நீட்டியிருக்கிறார்கள்.

"அத்தப் போட்டுக்கினு போனா நான் கேண்டிடேட்டே இல்லபா. வெள்ள வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லு."

தலைமை அலுவலகத்துக்காரர்கள் ரோமாபுரிக்காரர்கள் இல்லை. ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஃபாதர் இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான்.

மூன்று மணிக்கு ஓடி வந்தேன். அதே பனியனோடு கையுறை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிதா?"

"கெடச்சிது ஃபாதர். என்னாலதான் உங்களுக்கு..."

"அத்த உடு. டாக்டர் இன்னா சொன்னாரு? ஒடம்பு நல்லாகீதா?" என்றவர், ஆலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "நம்மாளு பர்மனென்ட்டுபா! எல்லாருக்கும் டீ சொல்லு!"

எனக்கு வேலை கிடைத்ததற்கு என் வீட்டில்கூட யாரும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.