கப்பலில் ஏறாத மெக்கானிக்

பழவேற்காடு ஏரியில் ஓடுகிற அத்தனை படகு மோட்டாரும் டிரம் அண்ணன் பேச்சைக் கேட்கும். டிரம் அண்ணன்தான் யார் பேச்சையும் கேட்கமாட்டார். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதித் தொலைக்கிறேன்.

ஏரிக்கரையில், தோணிரேவு கிராமத்தில் அவருக்குப் பட்டறை. ரிப்பேர் முடிந்த மோட்டாரை ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மாட்டி, அரை நாள் ஓடவிடுவார். "படகுல மாட்டி ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாமே அண்ணே" என்றால், "நீ போ. நான் கரையில நின்னு கேக்கறேன். இதுக்குச் சளி புடிச்சிகீதா, கோவம் வந்துகீதான்னு சத்தத்துலயே தெரியும்" என்பார். அவர் படகில் ஏறி நான் பார்த்ததே இல்லை.

அந்த மனிதர் எங்கள் விண்வெளி விளையாட்டில் வந்து சேர்ந்தார். ஞாயிறு மதியம் பட்டறை மாடியில் நான், மீன் ஏலம் போடும் ஸ்டீபன், நர்ஸ் ரேவதி மூவரும் கூடுவோம். நான் கதை சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, விண்கப்பலில் போவதாகப் பேசி நடிப்பார்கள். ஆபத்து வந்தால் பிழைப்பதா சாவதா என்று பகடை சொல்லும். எங்கள் கூச்சல் கேட்டு மேலே வந்த டிரம் அண்ணன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான், அப்புறம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

எனக்கு வாத்தியார் வேஷம் என்றால் உயிர். "குறையே இல்லாத ஆள எவனும் நம்பமாட்டான். ஆளுக்கொரு குறை வேணும்" என்று அறிவித்தேன். மறுவாரம் அண்ணன் கொண்டுவந்த விண்வெளித் தளபதிக்கு மூலம், மூச்சிரைப்பு, சொத்தைப் பல், சம்பந்தியோடு சண்டை எல்லாம் இருந்தது. வேற்றுக்கிரகத்தார் சுட வந்தபோது தளபதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டேய் இருங்கடா, கிராம்பு வச்சிட்டு வந்துடறேன்" என்றார். அன்று கப்பல் வெடித்தது.

"இப்படி இல்லண்ணே. அடுத்த வாரம் நானே எழுதிக் காட்டறேன்" என்றேன். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது.

நான் எழுதியது ஒரு விண்கப்பல் மெக்கானிக். இஞ்சினுக்குச் சளி பிடித்திருக்கிறது என்பான். ஊரையே விண்ணுக்கு அனுப்புவான், தான் மட்டும் ஏறமாட்டான். தரையில் நின்று டாட்டா காட்டுவான். அந்த டாட்டாவை எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். ஸ்டீபன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ரேவதி போதும் என்று கண்ணைக் காட்டினாள். நிறுத்தினேனா? இன்னொரு தடவை காட்டினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

டிரம் அண்ணனும் சிரித்தார். பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"நல்லா கீது நைனா. ஆனா ஒண்ணு வுட்டுட்ட. ஏன் ஏறமாட்டான்னு எழுதலியே? அது இல்லாம எவன் நம்புவான்?"

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன். எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"எழுதிக்கோ. அவன் ரிப்பேர் பண்ண மோட்டாருதான். அவனும் அவன் மச்சானும் கடலுக்குக் கெளம்புனாங்கோ. முகத்துவாரத்துல நின்னுபோச்சி. இவன் மட்டும் நீந்தி வந்தான்."

ஸ்டீபனின் கை மேசைமேல் அப்படியே நின்றது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. எத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், ஏன் என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா?

"மன்னிச்சிருங்கண்ணே. இத கிழிச்சிப் போட்டுடறேன்."

"ஏய், கிழிக்காத! இந்தாள என்கிட்ட குடு, நான் ஆடறேன். ஒருவாட்டி கப்பல்ல ஏத்தித்தான் பாப்பமே, இன்னா ஆவுதுன்னு."

ஏற்றினார். ஏழு மாதமாக அந்த மெக்கானிக் விண்வெளியில்தான் இருக்கிறான். இஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு வாரமும் பகடை உருட்டிச் சொல்ல வேண்டியது நான். ஒரு அட்டையை நிறுத்தி, அதற்குப் பின்னால்தான் உருட்டுகிறேன். அண்ணன் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன விழுந்தாலும் சரி, நான் சொல்வது ஒன்றுதான்.

"ஓடுதுண்ணே."